சாதுவான கட்டிக்குள் ஒரு படை

மனித உடலில் வரும் கட்டிகளிலேயே மிகச் சாதாரணமானது எது என்று கேட்டால், பெண்களின் கருப்பையில் வரும் ஃபைப்ராய்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, ஐம்பது வயதை எட்டுவதற்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கும் இது வந்துவிடுகிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. சிலருக்கோ மாதாமாதம் ரத்தம் கொட்டி, சோகை பிடித்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலை. நம் வீடுகளில் இதற்குத் தனிப்பெயர் கிடையாது. “கர்ப்பப்பையில கட்டியாம்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதோடு சரி. அடுத்த கேள்வி உடனே வரும்: “கேன்சரா?”

இல்லை என்பதுதான் அநேகமாக எப்போதும் பதில். ஆனால் அந்த “இல்லை”யைச் சொல்லும் உரிமை மருத்துவத்துக்கு எளிதில் கிடைக்கவில்லை. அறுவை முடிந்து எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழே ஒருவர் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் வழக்கமாகப் பார்ப்பது இளஞ்சிவப்பு நிறத்தில் சுழன்று சுழன்று ஓடும் தசைநார்க் கற்றைகள். பின்னல் போட்ட சடையைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி வைத்தது போல இருக்கும். நடுநடுவே கொலாஜன். ரத்தக்குழாய்கள் கொஞ்சம். வெள்ளையணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றும்.

அபூர்வமாகச் சில கட்டிகளில் காட்சி வேறாக இருக்கிறது. தசைக் கற்றைகளுக்கு நடுவே கருநீலப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாம் லிம்ஃபோசைட்டுகள், நம் உடலின் காவல்படை. கட்டியைச் சுற்றியுள்ள கருப்பைத் தசையில் அவ்வளவாக இல்லை, கட்டிக்குள்ளே மட்டும் திருவிழாக் கூட்டம். சண்டை போட அங்கே கிருமியும் இல்லை, புற்றுநோயும் இல்லை. பின்னே யார் கூப்பிட்டு வந்தார்கள்?

இந்தக் கேள்வியை ஒருவர் கேட்பதற்கே ஏறக்குறைய இருநூறு வருடங்கள் ஆயிற்று. கட்டி என்றால் என்ன என்று தெரிய வேண்டும். வெள்ளையணு என்று ஒன்று இருப்பது தெரிய வேண்டும். அதைக் கண்ணுக்குக் காட்டச் சாயம் வேண்டும், அது என்ன வேலை செய்கிறது என்று புரிய வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தனிக் கதை.

கல்லிலிருந்து தசைக்கு

கிரேக்க மருத்துவ மரபில், ஹிப்போக்ரடஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் எழுத்துகளில், இது கருப்பையில் உண்டாகும் ‘கல்’. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் அதைக் கடினமாகிப்போன சதை என்ற பொருளில் குறிப்பிட்டார். அதற்குப் பிறகு பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேல் பெரிய முன்னேற்றம் ஒன்றுமில்லை. 1793-இல் லண்டனில் மேத்யூ பெய்லி நோயுற்ற உறுப்புகளின் உடற்கூறு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிணப் பரிசோதனையில் கண்ட இந்தக் கட்டியை அதில் விவரித்திருக்கிறார். உள்ளே வெட்டிப் பார்த்தால் வெள்ளைவெளேரென்று நார்நாராகத் தெரியும் என்பது கண்ணால் கண்ட உண்மை. அந்த நார் என்ன என்று கண்ணால் சொல்ல முடியாது.

சொன்னவர் ருடால்ஃப் விர்ஹோ. 1854-இல் இந்தக் கட்டி வெறும் நார் இல்லை, கருப்பையின் மென்தசையிலிருந்தே பிறப்பது என்று நுண்ணோக்கி கொண்டு காட்டினார். சொந்த வீட்டுப் பிள்ளைதான், வெளியாள் இல்லை. அதன்பின் அதற்கு ‘மயோமா’, அதாவது தசைக்கட்டி, என்று பெயர் வந்தது. ஆனால் 1860-களில் வியன்னாவின் ரோக்கிடான்ஸ்கி வட்டாரத்திலிருந்து வந்த ‘ஃபைப்ராய்டு’ என்ற சொல்தான் நிலைத்தது. நார் போன்றது என்று அர்த்தம். தவறான பெயர்தான், ஆனால் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

விர்ஹோ இன்னொரு காரணத்துக்காகவும் இந்தக் கதைக்கு முக்கியமானவர். 1845-இல், இன்னும் இருபத்தைந்து வயதுகூட ஆகாத அவர், ரத்தம் முழுக்க வெள்ளையணுக்கள் பெருகி இறந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். பிற்பாடு அவரே அதற்கு ‘லுக்கீமியா’ என்று பெயர் வைத்தார். 1862–63 குளிர்காலத்தில் பெர்லினில் கட்டிகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். அந்தக் காலகட்டத்தில்தான் புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் புகுந்திருப்பதைக் கவனித்து, நாள்பட்ட அழற்சி இருக்கும் இடத்தில்தான் புற்று முளைக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். அதாவது, கட்டிக்குள் வெள்ளையணுவைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும். அவை குற்றத்தின் சாட்சிகள், ஏன், உடந்தையாகக்கூட இருக்கலாம். இந்தச் சந்தேகம் பல தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது.

கத்தியின் கதை

நுண்ணோக்கியில் இவ்வளவு நடந்துகொண்டிருந்தபோது, கட்டியோடு வாழ்ந்த பெண்களுக்கு என்ன நடந்தது?

பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. வயிற்றைத் திறந்தால் சாவு என்பதுதான் அன்றைய கணக்கு. 1846 அக்டோபரில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதர் மயக்கம் பொதுவில் செய்து காட்டப்பட்டது. வலி போயிற்று, சீழ் போகவில்லை. லிஸ்டரின் கிருமிநீக்க முறை வர இன்னும் இருபது வருடங்கள் இருந்தன.

அந்த இடைவெளியில்தான் 1853-இல் லோவெல் நகரத்தில் ஒரு விபத்து நடந்தது. பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் பஞ்சாலை ஊர் அது. ஆலைகளில் வேலை பார்த்த இளம்பெண்களால் பெயர் பெற்ற ஊர். வால்டர் பர்ன்ஹாம் என்ற மருத்துவர், சினைப்பையில் நீர்க்கட்டி என்று நினைத்து ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். குளோரோஃபார்ம் மயக்கத்தில் அவர் குமட்டி வாந்தியெடுக்க, அந்த அழுத்தத்தில் கட்டியே வயிற்றுக்கு வெளியே வந்துவிட்டது. பார்த்தால் சினைப்பை இல்லை, ஃபைப்ராய்டுகளோடு கூடிய கருப்பை. திரும்ப உள்ளே தள்ள முடியவில்லை. வேறு வழியில்லாமல் கருப்பையை வெட்டி எடுத்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்! வயிற்றின் வழியாகக் கருப்பையை எடுத்து நோயாளி உயிர் பிழைத்த முதல் சம்பவம் இதுதான் என்று வரலாறு குறிக்கிறது. அதே வருடம், அதே ஊரில், கில்மன் கிம்பல் என்பவர் ஃபைப்ராய்டு என்று தெரிந்தே, திட்டமிட்டு அதே அறுவையைச் செய்து வெற்றி கண்டார்.

வெற்றி என்று நாம் எழுதுவது ஒரு நோயாளியை வைத்து. அதன்பின் பர்ன்ஹாம் செய்த அறுவைகளில் பெரும்பாலான பெண்கள் இறந்துபோனார்கள். அவர்களுடைய பெயர்களை எந்த மருத்துவ வரலாற்று நூலும் சொல்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கத்தி பாதுகாப்பானதாயிற்று. பாதுகாப்பானதும் அதுவே ஒரு பழக்கமாகவும் ஆயிற்று. கட்டியா, எடு கருப்பையை. இதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் லண்டனின் விக்டர் பானி. அவர் மனைவிக்கே ஃபைப்ராய்டினால் கருப்பை அகற்றப்பட்டது, பிள்ளை இல்லாமல் போயிற்று. பானி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையைத் தையல் போட்டுக் காப்பாற்றும் முறையைச் செம்மைப்படுத்துவதில் செலவழித்தார். ஒரே கருப்பையிலிருந்து 225 கட்டிகளை அகற்றினார் என்பது அவரைப் பற்றிப் புகழ்பெற்ற தகவல். ஒரு சாதுவான கட்டிக்காக ஒரு பெண்ணின் உறுப்பையே எடுப்பது வைத்தியமாகாது என்பது அவர் கட்சி.

ஆனால் கட்டி சாதுவானதுதானா என்பதை யார் சொல்வது? கேள்வி மறுபடியும் நுண்ணோக்கிக்கே வந்து நிற்கிறது.

சாயம் தந்த கண்

1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன், மலேரியாவுக்கு மருந்து செய்யப்போய் ஊதா நிறச் சாயம் ஒன்றைச் செய்துவிட்டான். அதிலிருந்து செயற்கைச் சாயத் தொழில் பிறந்து, ஜெர்மனியில் கொழித்தது. துணிக்கு ஏறும் சாயம் உடலின் திசுக்களுக்கும் ஏறுமா? கார்ல் வைகெர்ட் ஏற்றிப் பார்த்தார். அவருடைய உறவினரான பால் எர்லிக், மாணவராக இருக்கும்போதே, 1877-இல், சில அணுக்களுக்குள் உள்ள துகள்கள் மட்டும் அனிலின் சாயத்தை விசித்திரமான நிறத்தில் வாங்கிக்கொள்வதைக் கண்டார். அந்த அணுக்கள் நன்றாகத் தின்று கொழுத்தவை என்று நினைத்து, கொழுக்கவைப்பது என்ற பொருள்தரும் ஜெர்மன் சொல்லால் ‘மாஸ்ட்’ செல் என்றார். நினைப்பு தவறு, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அடுத்த இரண்டு வருடங்களில் ஈயோசினோஃபில் போன்ற மற்ற வெள்ளையணுக்களையும் சாயத்தை வைத்தே வகை பிரித்தார்.

அதே 1870-களில், மத்திய அமெரிக்க மரமொன்றின் கட்டையிலிருந்து எடுக்கும் ஹிமடாக்ஸிலினையும் ஈயோசினையும் சேர்த்துத் திசுவுக்கு ஏற்றும் முறை வந்தது. அணுக்கரு நீலம், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. இன்றைக்கும் உலகத்தின் எந்த மூலையில் பயாப்ஸி செய்தாலும் முதலில் ஏற்றுவது இந்தச் சாயத்தைத்தான். லிம்ஃபோசைட் என்பது ஏறக்குறைய வெறும் அணுக்கரு, சுற்றிலும் கொஞ்சூண்டு உடல். அதனால்தான் அது கருநீலப் புள்ளியாகத் தெரிகிறது.

பார்க்க முடிந்தது, சரி. அது என்ன வேலை செய்கிறது? 1882 டிசம்பரில் சிசிலியின் மெஸ்ஸினாவில் எலி மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், கண்ணாடி போல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலையில் பார்த்தால் நகரும் அணுக்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. விர்ஹோவின் சாட்சிகள் மெட்ச்னிகாஃபின் கையில் போர்வீரர்களாகிவிட்டனர். எர்லிக்குக்கும் மெட்ச்னிகாஃபுக்கும் 1908-இல் நோபல் பரிசைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

லிம்ஃபோசைட்டின் மர்மம் மட்டும் அப்போதும் தீரவில்லை. மார்பிலுள்ள நிணநீர்க் குழாய் வழியாக அவை ஓயாமல் ரத்தத்துக்குள் கொட்டுகின்றன. ஆனால் ரத்தத்தில் எண்ணிக்கை கூடுவதில்லை. எங்கே போய் மறைகின்றன? 1950-களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டின் ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளில் விடை கண்டார். அவை மறையவில்லை, ரத்தத்திலிருந்து நிணநீருக்கும் நிணநீரிலிருந்து ரத்தத்துக்கும் சுற்றிச் சுற்றி ரோந்து வருகின்றன. 1961-இல் ஜாக் மில்லர், அதுவரை வேண்டாத உறுப்பு என்று கருதப்பட்ட தைமஸ்தான் அவற்றில் ஒரு பிரிவுக்குப் பயிற்சிக்கூடம் என்று காட்டினார். டி-செல், பி-செல் என்ற பிரிவினை அந்தப் பத்தாண்டில் உருவானது.

இதற்கிடையில் புற்றுநோய் மருத்துவர்களின் பார்வையும் மாறிவந்தது. 1920-களில் மேயோ கிளினிக்கின் வில்லியம் மக்கார்ட்டி, லிம்ஃபோசைட்டுகள் புகுந்த புற்றுக்கட்டி உள்ளவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று எழுதினார். 1949-இல் லிம்ஃபோசைட்டுகள் நிறைந்த ஒருவகை மார்பகப் புற்றைப் பற்றியும் அதே போன்ற நற்செய்தி வந்தது. விர்ஹோவுக்கு அவை கெட்ட சகுனம், இவர்களுக்கோ நல்ல சகுனம். இரண்டு கட்சிகளும் பேசியது புற்றைப் பற்றி மட்டுமே. சாதுவான கட்டிக்குள் அந்தப் படை வந்து நின்றால் எந்தச் சகுனம்? இருவர் கையிலும் பதில் இல்லை.

ஏழு பேர்

பதில் இல்லாதது வெறும் அறிவுப் பிரச்சினை அல்ல. லிம்ஃபோசைட்டுகளே கட்டுக்கடங்காமல் பெருகுவதும் ஒரு புற்றுநோய், அதற்குப் பெயர் லிம்ஃபோமா. நுண்ணோக்கியில் பார்க்கும்போது, வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் கலகக் கூட்டமும் ஒரே மாதிரி தெரியும். “சாதாரணக் கட்டிதாம்மா” என்று வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பெண்ணிடம் “உங்களுக்கு லிம்ஃபோமா” என்று சொல்லிவிட்டால்? தேவையில்லாத கீமோதெரபி, கதிர்வீச்சு, முடிகொட்டல், பிள்ளைப்பேறு பறிபோதல். மாற்றிச் சொன்னாலும் ஆபத்துதான், உண்மையான லிம்ஃபோமா தப்பிவிடும்.

1989-இல் ஜூடித் ஃபெரி, நான்சி ஹாரிஸ், ராபர்ட் ஸ்கல்லி என்ற மூன்று நோய்க்குறியியலாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லிம்ஃபோமா போலவே வேஷம் போடும், லிம்ஃபோசைட்டுகள் புகுந்த ஏழு கருப்பைக் கட்டிகள் பற்றியது அது. மூவரும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், 1846-இல் ஈதர் காட்டிய அதே மருத்துவமனை. ஸ்கல்லி பெண்ணுறுப்புகளின் நோய்க்குறியியலில் அன்றைய உலகின் பெரிய பெயர். ஹாரிஸ் அதன்பின் 1994-இல் லிம்ஃபோமாக்களைப் புதிதாக வகைப்படுத்திய குழுவுக்கு முன்னின்றவர். கட்டியும் லிம்ஃபோமாவும் சந்திக்கும் இடத்தில் நின்று பார்க்க இதைவிடப் பொருத்தமான கூட்டணி கிடைக்காது.

எப்படிப் பிரித்தார்கள்? முதலில் பழைய முறை, உற்றுப் பார்ப்பது. லிம்ஃபோமா என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரியான அணுக்கள் எல்லை மதிக்காமல் பரவும். இங்கே சின்ன லிம்ஃபோசைட், பெரிய லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல் என்று பலவகை ஆட்கள் கலந்திருந்தார்கள், பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே அடங்கியும் இருந்தார்கள்.

இரண்டாவது முறை புதியது. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்புரதத்தை வேண்டிய மட்டும் தயாரிக்கும் வழியைக் கண்டிருந்தார்கள். அதன் பலனாக, இது டி-செல், இது பி-செல் என்று ஒவ்வோர் அணுவையும் ஸ்லைடிலேயே அடையாளம் காட்டும் சாயங்கள் வந்தன. ஒவ்வொரு பி-செல்லும் கப்பா, லாம்டா என்ற இரண்டு புரதங்களில் ஒன்றை மட்டுமே தயாரிக்கும். இயல்பான கூட்டத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் கலந்திருப்பார்கள். ஒரே அணுவிலிருந்து பெருகிய லிம்ஃபோமாவில் எல்லாரும் ஒரே கட்சி. கலந்திருந்தால் அது எங்கிருந்தோ கூடிய கூட்டம், ஒரே கட்சியானால் ஒரு தாய் வயிற்றுக் கலகக்காரர்கள். எர்லிக் தொடங்கிய சாயக் கலை நூறு வருடம் கழித்து ஒரு பெண்ணின் தலையெழுத்தை மாற்றும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

ஏழு என்பது சின்ன எண்தான். ஆனால் அந்த ஏழு, இப்படியும் ஒன்று உண்டு என்ற பெயரையும் இடத்தையும் கொடுத்தது. எங்கோ ஒரு சிறு நகரத்தில் தனியாக உட்கார்ந்து ஸ்லைடைப் பார்த்துத் திகைக்கும் மருத்துவருக்கு, அவசரப்படாதே என்று சொல்ல ஓர் ஆதாரம் கிடைத்தது. பெயரிருந்தால்தானே தேட முடியும்!

மருந்து எழுப்பிய கூட்டம்

அடுத்த திருப்பம் மூளையிலிருந்து வந்தது. 1971-இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு, லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைப்போதலாமஸை அரைத்துச் சலித்து, இனப்பெருக்க ஹார்மோன்களை ஏவிவிடும் ஒரு துளி ரசாயனத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தது. பத்தே அமினோ அமிலங்கள். அதன் செயற்கை நகலைத் தொடர்ந்து கொடுத்தால் நேர்மாறாக ஹார்மோன் ஊற்று அடைபட்டுப்போகிறது, ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, ஃபைப்ராய்டு வாடுகிறது. மூன்று மாதத்தில் கட்டி பாதியளவுக்குக்கூடச் சுருங்கலாம். நிறுத்தினால் மறுபடி வளரும். ஆகவே அறுவைக்கு முன் ரத்தப்போக்கை நிறுத்தி, கட்டியைச் சின்னதாக்கி, பெண்ணைத் தேற்றுவதற்காக 1980-களிலிருந்து இந்த ஊசி பயன்பாட்டுக்கு வந்தது.

அப்படிச் சுருங்கவைத்து எடுத்த கட்டிகளை வெட்டிப் பார்த்தபோது சிலவற்றில் அந்தக் கருநீலக் கூட்டம்! 1998-இல் பிரிட்டனிலிருந்து ஒரு கட்டுரை, இந்த ஊசிக்கும் கட்டிக்குள் லிம்ஃபோசைட்டுகள் பெருமளவில் புகுவதற்கும் உள்ள தொடர்பைப் பதிவு செய்தது. அதே வருடம் ஜப்பானிய ஆய்வாளர்கள் எர்லிக்கின் மாஸ்ட் செல்களை எண்ணினார்கள். அணுக்கள் நெருக்கமாக உள்ள ஒருவகைச் சாதுக் கட்டியில் அவை மிகுதி, தசைப்புற்றில் குறைவு. பார்ப்பதற்குப் புற்று போலிருக்கும் கட்டியில் மாஸ்ட் செல் நிறைந்திருந்தால் அது ஆறுதலான செய்தி. 2001-இல் ஈயோசினோஃபில்கள் நிறைந்த கட்டிகளைப் பற்றியும் அறிக்கை வந்தது. எர்லிக் பெயரிட்ட குடும்பமே ஒவ்வொருவராக வந்துபோகிற இடமாக ஆகிவிட்டது இந்தக் கட்டி.

இதனால்தான் நுண்ணோக்கியில் பார்ப்பவர், அந்தப் பெண் அறுவைக்கு முன் என்ன ஊசி போட்டுக்கொண்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பயாப்ஸிக்கு அனுப்பும் தாளில் ஒரு வரி விட்டுப்போனால், மேஜையின் அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு சுருங்கும் கட்டியை லிம்ஃபோமா என்று சந்தேகிக்க நேரும். அறுவை செய்யும் கைக்கும் ஸ்லைடைப் பார்க்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு தாள்தான்.

சகுனம் அல்ல

ஏன் வருகின்றன? கருப்பை சாதாரண உறுப்பு இல்லை என்பது விடையின் ஒரு பகுதி. பாதி அந்நியமான ஒரு சிசுவை ஒன்பது மாதம் தாங்கவேண்டிய உறுப்பு அது. மாதாமாதம் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அங்குள்ள வெள்ளையணுக்களின் எண்ணிக்கையும் வகையும் மாறிக்கொண்டே இருக்கும். கட்டி அந்த வீட்டுப் பிள்ளை, அதே தசை, அதே ஹார்மோனுக்குத் தலையாட்டுவது. ஈஸ்ட்ரோஜன் சட்டென்று வற்றும்போது வாடும் திசுவைத் துப்புரவு செய்ய ஆள் வருவது இயற்கைதான் என்று ஊகிக்கலாம். ஊசியே போடாதவர்களுக்கு வருவதற்கு இந்த விளக்கம் போதாது. 2011-இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் ஃபைப்ராய்டுகளில் சுமார் 70 சதவீதத்தில் ஒரே மரபணுவில், மெட்-12 என்பதில், பிழை இருப்பதைக் கண்டார்கள். கட்டியின் பிறப்பைப் பற்றிய கதவு அது. படையின் வருகையைப் பற்றிய கதவு இன்னும் முழுக்கத் திறக்கவில்லை.

இருந்தாலும் ஒன்று தெளிவாகிவிட்டது. கட்டிக்குள் வெள்ளையணு என்பது நல்ல சகுனமும் இல்லை, கெட்ட சகுனமும் இல்லை, சகுனமே இல்லை. அது ஒரு கேள்வி. யார் வந்திருக்கிறார்கள், கலந்து வந்தார்களா, ஒரே வம்சமா, எல்லைக்குள் நிற்கிறார்களா, சமீபத்தில் என்ன மருந்து என்று ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டிய கேள்வி. புற்றையும் சாதுவையும் பிரிக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதை 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நினைவூட்டியது. ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவைக்கு வரும் பெண்களில் ஏறத்தாழ 350-இல் ஒருவருக்கு எதிர்பாராத சார்கோமா இருக்கலாம் என்று அது எச்சரித்தது. ஆகவே ஒவ்வொரு கட்டியையும் வெட்டிப் பார்க்கத்தான் வேண்டும், வெட்டிப் பார்த்ததும் பயந்துவிடவும் கூடாது.

லோவெலில் 1853-இல் தவறான கணிப்போடு திறந்த வயிற்றில் ஒரு பெண் பிழைத்தது அதிர்ஷ்டம். இன்றைக்கு ஒரு பெண்ணின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் “லிம்ஃபோசைட்டுகள் மிகுதி, லிம்ஃபோமாவுக்கான அறிகுறி இல்லை” என்று ஒரு வரி வந்தால் அது அதிர்ஷ்டம் இல்லை. அந்த வரியைப் படிக்கிற மகளோ கணவரோ கூகுளில் முதல் சொல்லைத் தேடி நடுங்குவதற்கு முன், இரண்டாவது பாதியையும் படிக்க வேண்டும். எழுதுவதற்கு அதிக உழைப்பு பிடித்தது அந்த இரண்டாவது பாதிதான்.